பழைய காருக்கு உள் சுவிட்ச் தேடுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடம் ஓடிய காரில்கூட இன்ஜின் முதல் சாவிக்கே கிளம்பும். ஆனால் கதவில் உள்ள பட்டனை அழுத்தினால் கண்ணாடி பாதியில் நிற்கும், டாஷ்போர்டில் உள்ள ஹீட்டர் சுவிட்சை இரண்டு முறை தட்டினால்தான் ஃபேன் சுற்றும். ஆயில் ஃபில்டரையும் பிரேக் பேடையும் வண்டிகள் சாலையில் இருக்கும் வரை யாராவது தயாரித்துக்கொண்டிருப்பார்கள். சுவிட்ச் அப்படியில்லை. ஒரு மாடலின் டாஷ்போர்டுக்கென்றே அச்சு செய்து வார்த்த பொருள் அது. மாடல் நின்றால் அச்சும் ஓய்ந்துவிடும். அதனால்தான் இந்தச் சின்னச் சாமானைத் தேடுவது பெரிய வேலையாகிறது. தேடுபவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: சுவிட்சின் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், முதுகைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

சுவிட்ச்தான் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

தேட ஆரம்பிக்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது. எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் ஃபியூஸ், ரிலே (சொற்ப மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் பெட்டி), எர்த் வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்தில் மற்ற கதவுகளைப் பூட்டும் லாக் பட்டன் இருந்தால் அது அழுந்தியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு கதவு மட்டும் அடம்பிடித்தால், கதவுக்கும் வண்டி உடலுக்கும் நடுவே கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய் போகும், அதைக் கழற்றி உள்ளே உள்ள வயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி அங்கேதான் வயர் அறுந்திருக்கும். சுவிட்ச் மேல் பழி போட்டு மூன்று சுவிட்ச் மாற்றிய பிறகு அங்கே அறுந்த வயரைக் கண்டுபிடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பின் கதவுகளில் ஒரே மாதிரி இரண்டு சுவிட்சுகள் இருந்தால் வலது இடது மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு சுவிட்சோடு சேர்ந்து இடம் மாறினால் சந்தேகமே இல்லை. ஒரு விஷயம் கவனியுங்கள்: பல கார்களில் பயணி கதவு சுவிட்சுக்குப் போகும் மின்பாதை எல்லாக் கண்ணாடிகளையும் இயக்கும் ஓட்டுநர் பக்க மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பயணி பக்கக் கண்ணாடி வேலை செய்யாததற்கு மாஸ்டர் சுவிட்ச் காரணமாக இருக்கலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் கணிப்புக்கே இடமில்லை. ஆனால் அளக்கும் முறை முக்கியம். மோட்டாரையோ பல்பையோ இணைக்காமல் அளந்தால், கருகிப்போன கான்டாக்ட் (சுவிட்சுக்குள் மின்சாரம் தொட்டுப் போகும் உலோகப் புள்ளி) வழியாகவும் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும், ஏமாந்துவிடுவோம். எல்லாவற்றையும் இணைத்து, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவிட்சின் உள்வரும் டெர்மினலில் ஒரு முனையும் வெளிச்செல்லும் டெர்மினலில் இன்னொரு முனையும் வைத்து அளக்க வேண்டும். நல்ல சுவிட்சில் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் வராது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த மின்னழுத்தம் சுவிட்சுக்குள்ளேயே சூடாகி வீணாகிறது என்று அர்த்தம்.

புது சுவிட்ச் போட்டும் சில மாதத்தில் மறுபடி போய்விடுகிறதே?

சுவிட்சைக் கொன்றது வேறு ஒன்று, அது இன்னும் வண்டியில் இருக்கிறது. கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளம் காய்ந்து இறுகினால் மோட்டார் திணறும், அதிக ஆம்பியர் இழுக்கும், சுவிட்சின் கான்டாக்ட் ஒவ்வொரு முறையும் தீப்பொறி விட்டுக் கருகும். அந்தப் பள்ளத்தைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தாலே பாதி வியாதி தீரும்.

ஹெட்லைட் சுவிட்ச் கதை இதைவிட மோசம். பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. 55 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 110 வாட், ஏறத்தாழ 9 ஆம்பியர். அவ்வளவும் அந்தச் சின்ன சுவிட்சுக்குள்ளே போய் வருகிறது. அதிக வாட் பல்ப் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், டெர்மினலைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். கிடைப்பதற்கு அரிய ஹெட்லைட் சுவிட்சை வாங்கி மாட்டும் முன் ஒரு ரிலே வைத்துவிடுங்கள். ரிலேயில் 85, 86 என்ற இரண்டும் காயில், 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது. சுவிட்ச் இனி காயிலுக்கான சொற்ப மின்சாரத்தை மட்டும் சுமக்கும், அதன் ஆயுள் பல மடங்காகும்.

பார்ட் நம்பர் எங்கே இருக்கும்? அதை எப்படிப் படிப்பது?

சுவிட்சைக் கழற்றித் திருப்புங்கள். கனெக்டர் நுழையும் குழியின் பக்கவாட்டில், அல்லது நீளப் பக்கச் சுவரில், பிளாஸ்டிக்கிலேயே புடைத்த எழுத்தாகவோ மை அச்சாகவோ இருக்கும். கறுப்பின் மேல் கறுப்பு என்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். சாக்பீஸ் தூளைத் தேய்த்துத் துடைத்தாலும் தெளியும். உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

நீங்கள் காண்பது ஒரு எண் அல்ல, இரண்டு மூன்று எண்கள். கார் கம்பெனியின் எண் ஒன்று. சுவிட்சை உண்மையில் செய்து கொடுத்த கம்பெனியின் எண் இன்னொன்று, பக்கத்தில் லூகாஸ், ஹெல்லா, வேலியோ, கோஸ்டால், டோகாய் ரிகா, ஆல்ப்ஸ், ஓம்ரான் என்று ஏதாவது பெயர் இருக்கும். மூன்றாவதாக ஒரு சின்ன வட்டத்தில் வருடமும் மாதமும். அச்சு எண் என்று தனியாக ஒன்றும் இருக்கலாம், அது அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்கு மட்டுமானது, அதை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

எண்களுக்கு ஒழுங்கு உண்டு. டொயோட்டாவில் 84820 என்று தொடங்கினால் ஓட்டுநர் பக்க மாஸ்டர் விண்டோ சுவிட்ச், 84810 என்றால் தனிக் கதவுக்கானது. ஹோண்டாவில் மாஸ்டர் சுவிட்ச் 35750. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் எண் மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கும். முதல் மூன்று மாடலைச் சொல்லும், பின்னால் 959 855 அல்லது 959 857 வந்தால் விண்டோ சுவிட்ச், 941 531 வந்தால் ஹெட்லைட் சுவிட்ச். மெர்சிடிஸில் முதல் மூன்று இலக்கம் பெரும்பாலும் எந்த மாடலுக்காக முதலில் செய்தார்கள் என்பதைக் காட்டும், 124, 201 என்பதுபோல. பிஎம்டபிள்யூவில் முழு எண் 11 இலக்கம், சுவிட்சுகள் 61.31 என்ற பிரிவில் வரும், ஆனால் பொருளின் மேல் கடைசி 7 இலக்கம் மட்டுமே அச்சாகியிருப்பது வழக்கம். இந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால், விற்பவர் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் படத்தில் உள்ள எண்ணைப் பார்த்தே பொருள் எதுவென்று சொல்லிவிடலாம்.

எண் எல்லாம் சரி, கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது. வாங்கலாமா?

கடைசி எழுத்து இரண்டில் ஒன்றைச் சொல்லும்: திருத்தப்பட்ட பதிப்பு அல்லது நிறம். நிறம் என்றால் பயமில்லை, மேல் மூடியை மாற்றிக்கொள்ளலாம். திருத்தம் என்றால் கனெக்டர் குழியில் நிற்கும் உலோக முனைகளை, அதாவது பின்களை எண்ணுங்கள். ஒரே எண்ணின் முந்தைய பதிப்பில் 6 பின், பிந்தையதில் 8 பின் என்று வருவது உண்டு. பின் எண்ணிக்கையும் அவை நிற்கும் இடமும் கனெக்டரின் வடிவமும் ஒத்துப்போனால் பெரும்பாலும் பொருந்தும். ஒன்று மாறினாலும் வயரிங் வரைபடம் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

எண்ணே அழிந்துவிட்டது. அல்லது சுவிட்சே காணோம்.

சேசிஸ் எண்ணை வைத்துத் தேடுங்கள். 1980களிலிருந்து பெரும்பாலான கார்களில் 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண் உண்டு. அதைக் கம்பெனி பாகங்கள் பிரிவில் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு உரிய எண் வரும். உங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் வேறு மாடல் சுவிட்சை மாட்டியிருந்தாலும் அப்போதுதான் தெரியவரும்.

கம்பெனி "இனி கிடைக்காது" என்று சொல்லிவிட்டது. அப்புறம்?

அதோடு தேடலை நிறுத்த வேண்டியதில்லை. பழைய எண்ணுக்கு மாற்றாகப் புது எண் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் பழைய எண்ணைத் தட்டி, இல்லை என்று திரையில் வந்ததும் மூடிவிடுவார், மாற்று எண்ணைக் கேட்டால்தான் பார்ப்பார். அடுத்து, சுவிட்சைச் செய்த கம்பெனியின் எண்ணை வைத்துத் தேடுங்கள். கார் கம்பெனியின் பெட்டியில் தீர்ந்துபோன அதே பொருள், செய்தவர் பெட்டியில் வேறு பெயரில் கிடைக்கும். மிகப் பலர் தவறவிடும் வழி இது.

சில கம்பெனிகள் பழைய பாகங்களைத் திரும்பவும் செய்கின்றன. நிஸ்ஸான் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கும், மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கும் 2017இல் இப்படித் தொடங்கின. ஆனால் இது புகழ்பெற்ற மாடல்களுக்குக் கிடைக்கும் பாக்கியம். சாதாரணக் குடும்பக் காருக்கு யாரும் செய்ய மாட்டார்கள். அங்கே உங்களுக்குத் துணை, அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களும் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களும்தான்.

வேறு மாடல் காரின் சுவிட்ச் பொருந்துமா?

பல நேரம் பொருந்தும். ஒரு கம்பெனி தன் நாலைந்து மாடலுக்கும் ஒரே சுவிட்சைப் போடும். விலையுயர்ந்த கார்களும் இதற்கு விலக்கல்ல. 1976இல் வந்த போர்ஷே 924இன் உள்ளே ஃபோக்ஸ்வாகன், ஆடி சாமான்கள் நிறைய. ஃபெராரியில் ஃபியட் குழுமத்தின் சுவிட்சுகளைப் பார்க்கலாம். ஃபோர்டு ப்ரோப், மாஸ்டா எம்எக்ஸ்-6 இரண்டும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. உங்கள் வண்டியின் உறவுக்கார மாடல்கள் எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். அபூர்வமான மாடலுக்குத் தேடியும் கிடைக்காத சுவிட்ச், லட்சக்கணக்கில் விற்ற மாடலில் சும்மா கிடக்கும்.

முகம் ஒத்துப்போவதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. சுவிட்சின் மேல் உள்ள படங்கள் ஐஎஸ்ஓ 2575 தரப்படி வருபவை, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் முகங்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்போலத் தோன்றும். உள்ளே பார்க்க வேண்டியவை வேறு. ஐரோப்பியக் கார்களில், குறிப்பாக ஜெர்மன் கார்களில், டெர்மினல் பக்கத்தில் எண்கள் இருக்கும்: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக, 15 என்றால் சாவி போட்டால் வருவது, 31 எர்த், 58 பின் விளக்கும் டாஷ்போர்டு விளக்கும், 56a ஹை பீம், 56b லோ பீம், 49 இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃபிளாஷர். இது டின் (DIN) 72552 என்ற ஜெர்மன் தரம். இரண்டு சுவிட்சில் எண்களும் அவற்றின் இடமும் ஒன்றானால் தைரியமாக மாட்டலாம்.

இரண்டு பொறிகள் உண்டு. வலப்பக்க ஸ்டியரிங், இடப்பக்க ஸ்டியரிங் கார்களின் மாஸ்டர் சுவிட்ச் கண்ணாடி பிம்பம்போல மாறியிருக்கும், உள்ளே எந்தப் பட்டன் எந்தக் கதவுக்கு என்பதும் மாறும். இன்னொன்று, 1990களின் பிற்பகுதிக்குப் பின் வந்த பல கார்களில் சுவிட்ச் மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுப்பதில்லை. உள்ளே உள்ள ரெசிஸ்டர் வழியாக ஒரு சிக்னலை மட்டும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு அனுப்பும். அதே முகம், அதே கனெக்டர், ஆனால் ரெசிஸ்டர் மதிப்பு வேறு என்றால் ஏற்று என்று அழுத்த இறங்கும், அல்லது ஒன்றுமே நடக்காது. அங்கே எண் அப்படியே ஒத்துப்போவதைத் தவிர வேறு வழியில்லை.

பிரித்த வண்டியிலிருந்து எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பின் கதவு சுவிட்சுகளைத் தேடுங்கள், அவை அதிகம் அழுத்தப்படாதவை. டெர்மினல் பித்தளை நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியது, பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போனது. அழுத்தும்போது ஒவ்வொரு நிலையிலும் கை உணரும் ஒரு தெளிவான தட்டு வேண்டும், வழவழவென்று போனால் விட்டுவிடுங்கள். கனெக்டரையும் ஒரு சாண் வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் கனெக்டரும் அதே வயதுடையது, அதுவும் உருகியிருக்க வாய்ப்பு உண்டு.

பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் அதுதான் சிறந்ததா?

பெரும்பாலும் ஆம், ஆனால் பெட்டி புதிது என்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று எண்ண வேண்டாம். 25 வருடம் அலமாரியில் இருந்தாலும் உள்ளே உள்ள கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். மாட்டும் முன் ஒவ்வொரு நிலைக்கும் முப்பது நாற்பது முறை இயக்கி, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

டூப்ளிகேட் வாங்கலாமா?

உள் விளக்கு போன்ற லேசான வேலைக்குச் சரி. ஹெட்லைட், பவர் விண்டோ, ஃபேன் போல ஆம்பியர் அதிகம் இழுக்கும் இடத்தில், வேறு வழியே இல்லாதபோது மட்டும், ரிலேயோடு.

பழைய சுவிட்சையே சரிசெய்ய முடியாதா?

முடியும். தேடுவதற்கு முன் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குப்பைக்குப் போகும் சுவிட்சுகளில் கணிசமானவை அழுக்கால் நின்றவைதான்.

உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுப் பிரியுங்கள், ஏனென்றால் உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்தால் கார்ப்பெட்டில் காணாமல் போகும். பக்கக் கிளிப்புகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மேல் மூடி கழன்றுவரும். அடியில் ஒரு பித்தளைத் தகடு, நடுவில் ஒரு மேட்டின் மேல் சீசா பலகைபோல இருபுறமும் சாயும்படி உட்கார்ந்திருக்கும். பட்டனின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு முனை அந்தத் தகட்டின் மேல் உருண்டு அதைச் சாய்க்கிறது. தகட்டின் முனையில் உள்ள சின்னப் புள்ளிதான் கான்டாக்ட். அங்கே கரி படிந்து, நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு குழி விழுந்திருக்கும். சுற்றிலும் பழைய கிரீஸ், செம்புத் தூள் கலந்து கருப்புக் களிம்பாகக் கிடக்கும். அந்தக் களிம்பு மின்சாரத்தைக் கசியவிடுவதும் உண்டு, கண்ணாடி தானாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எடுப்பதற்கு முன் போட்டோ. பின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துக் களிம்பை முழுதாக எடுங்கள். கரியை ஃபைபர்கிளாஸ் பேனாவாலோ மிக நைசான உப்புத்தாளாலோ லேசாகத் தேய்க்கலாம். பளபளப்பு வந்ததும் நிறுத்துங்கள், கான்டாக்டின் மேல் உள்ள வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. தேய்மானம் அதிகமென்றால் தகட்டைத் திருப்பிப் போட வாய்ப்பிருக்கிறதா என்று பாருங்கள், சில சுவிட்சுகளில் இது நடக்கும். கடைசியாக, உருளும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு டைஎலக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரம் கடத்தாத கிரீஸ். சாதாரண துரு நீக்கும் எண்ணெயை அடித்தால் இன்று வேலை செய்யும், நாளை தூசியைச் சேர்த்து மறுபடி அடைக்கும்.

ரப்பர் பட்டனின் அடியில் கருப்புக் கார்பன் திட்டு இருக்கும் வகைக்கு உப்புத்தாளே கூடாது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரு முறை ஒற்றி எடுத்தால் போதும்.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் பட்டனின் மேல் பூச்சு பிசுபிசுக்கிறது.

1990களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் வந்த கார்களில் மென்மையாக இருக்கட்டும் என்று பூசிய ரப்பர் போன்ற கோட்டிங், காலப்போக்கில் இளகிவிடுகிறது. ஆல்கஹாலும் பொறுமையும் இருந்தால் முழுதாக எடுத்துவிடலாம். படங்கள் கோட்டிங்கோடு போய்விடுமா என்று ஓரத்தில் சோதித்துப் பிறகு தொடருங்கள்.

மூடி மட்டும் உடைந்திருக்கிறது. 3டி பிரின்ட் செய்யலாமா?

செய்யலாம், பிளாஸ்டிக் தேர்வில் கவனம் வேண்டும். பிஎல்ஏ வகை 60 டிகிரி அளவிலேயே இளகும், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டும். ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ வகைப் பிளாஸ்டிக் எடுங்கள். நல்ல மூடி ஒன்று கைவசம் இருந்தால் சிலிக்கான் அச்சு எடுத்து ரெசின் வார்ப்பது இன்னும் அழகாக வரும்.

சுவிட்சுக்குள் வெளிச்சம் வரவில்லை.

உள்ளே அரிசி அளவு பல்ப் இருக்கும், பெரும்பாலும் 1.2 வாட். தனியே மாற்றலாம். எல்இடி போட்டால் எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று பார்த்து மாட்டுங்கள், எரியாவிட்டால் திருப்பிப் போடுங்கள்.

இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள இண்டிகேட்டர் தண்டை மாற்ற வேண்டுமா?

முதலில் ஹசார்டு பட்டனை (நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவைப்பது) வேகமாக இருபது முப்பது முறை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டருக்கான மின்சாரம் ஹசார்டு சுவிட்சின் கான்டாக்ட் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத பட்டன் அது, அழுக்கு படிந்து பாதை அடைபட்டிருக்கும். அழுத்தி எடுத்ததும் இண்டிகேட்டர் உயிர் பெற்றால் வியாதி தெரிந்துவிட்டது. நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் ஃபிளாஷர் ரிலேயே ஹசார்டு சுவிட்சுக்குள்தான் இருக்கிறது, ரிலேயைத் தேடி டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம்.

தண்டைத்தான் மாற்ற வேண்டும் என்றால், ஏர்பேக் உள்ள காரில் அந்த வேலையை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எதுவுமே கிடைக்காவிட்டால் பொது சுவிட்ச் மாட்டலாமா?

மாட்டலாம். படகுகளிலும் கனரக வாகனங்களிலும் வரும் ராக்கர் சுவிட்சுக்கு ஏறத்தாழ 37 மில்லிமீட்டருக்கு 21 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஒரிஜினல் டாஷ்போர்டை வெட்டாதீர்கள், பின்னால் நல்ல சுவிட்ச் கிடைக்கும் நாளில் அந்த வெட்டை மூட முடியாது. சுவிட்ச் இல்லாத இடத்தை மூடும் காலி பிளேட்டிலோ டாஷ்போர்டின் அடியில் தனித் தகட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போதே உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். பழைய பிளாஸ்டிக் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும், ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டிவிட்டு நெம்புங்கள். மேலிருந்து வர மறுத்தால் பலம் காட்ட வேண்டாம். பின்னாலிருந்து தள்ள வேண்டிய வகையாக இருக்கும், அல்லது எங்கோ ஒரு ஸ்க்ரூ மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

நல்ல சுவிட்ச் இரண்டு கிடைத்தால் இரண்டையும் வாங்கி வைக்கலாமா?

மாஸ்டர் விண்டோ சுவிட்ச், ஹெட்லைட் சுவிட்ச் என்றால் தயங்காமல் வாங்குங்கள். காற்றுப் புகாத கவரில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, பார்ட் நம்பரையும் எந்த மாடலிலிருந்து எடுத்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து எல்லா நிலைக்கும் சில தடவை இயக்கிவிட்டுத் திரும்ப மூடுங்கள்.